ஓட்டோவின் பின்னால் வெந்த கல்யாண நாள் சோறு

எங்கள் கல்யாணம் ஆனி மாதத்தில் நடந்தது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஆனியில் எங்கள் மலைக்கு வெயில் கிடையாது. பகல் 2 மணிக்கே காம்பராவில் (லயம் என்கிற வரிசை வீட்டின் அறையில்) லைட் போட வேண்டும். அதனால் கல்யாண நாள் வந்தால் வீட்டில் கேசரி, கோயிலில் ஒரு அர்ச்சனை, அதோடு சரி.

இந்த ஆனியோடு பத்து வருஷம். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு பகல் முழுக்க வெளியே இருக்க வேண்டும், வெயிலில் உட்கார்ந்து சூடான சோறு சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைச் சாப்பாடு வேண்டாம். அன்றைக்குப் பகலில் நான் அடுப்பு முன்னால் நிற்கவும் கூடாது. பொதி கட்டிக் கொண்டுபோனால் 10 மணிக்கெல்லாம் ஆறிப் போய்விடும், இந்தக் குளிரில் ஆறிய சோறு தொண்டையில் இறங்காது.

நினைத்தது நடந்துவிட்டது. விடியற்காலை 4.45க்கு மூடிய, சூடு காக்கும் சோற்றுப் பெட்டியை அப்புத்தளைக்கு மேலே பகல் 12.20க்குத் திறந்தபோது கோழிக்கறி 72 டிகிரியில் இருந்தது. வழியில் ஒரு இடத்திலும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. பெட்டியை எப்படிச் செய்தேன் என்று பலர் கேட்கிறார்கள், அதனால் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் அதைப் பொறுத்தது. நுவரெலியாவைத் தாண்டி ஹக்கல இறக்கத்தில் வண்டி திரும்பும்போது மழை பின்னால் நின்றுவிடும். மேற்கிலிருந்து வரும் மேகம் மலை முகட்டில் மோதி எங்கள் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கே ஊவா பக்கம் அந்த மாதங்களில் காய்ந்த காற்றுதான். அங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். ஆனி, ஆடியில் கல்யாணம் செய்துகொண்ட மேற்குப் பக்கத்து ஆட்கள் வெயில் தேடினால் கொழும்புக்கு இறங்க வேண்டாம், மலையின் அந்தப் பக்கம் போனால் போதும். என் வீட்டுக்காரர் ஓட்டோ ஓட்டுகிறவர், ஹயர் (வாடகை ஓட்டம்) போய்ப் போய் இவருக்கு அந்தப் பாதை அத்துப்படி. நுவரெலியா, ஹக்கல, கெப்பட்டிப்பொல வழியாக அப்புத்தளை, அங்கிருந்து தம்பேத்தன்ன, மேலே லிப்டன் சீட் என்கிற காட்சி முனை. எங்கள் வாசலிலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர். ஏற்றமும் வளைவும், வழியில் நிற்பதும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம் என்று இவர் கணக்குச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தையும் கூட்டினால் பெட்டி குறைந்தது ஏழரை மணி நேரம் சூடு தாங்க வேண்டும்.

ஒரு முறை கொதித்த பானையைத் துணியில் சுற்றி வைத்தால் உள்ளே மிச்சமும் வெந்துவிடும் என்று 2022இல் தெரிந்துகொண்டேன். கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. பருப்பைக் கொதிக்க வைத்து இறக்கி, பழைய சேலையில் சுற்றி, மூலையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பேன். ஒன்றரை மணி நேரத்தில் பருப்பு மசிந்திருக்கும். ஏழரை மணி நேரத்துக்குச் சேலை போதாது, பெட்டியே வேண்டும்.

வீட்டில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது, அந்தக் காலத்துப் பலகைப் பெட்டி. இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில் போவதால் இந்தப் பெட்டிகள் லயங்களில் துணி வைக்கத்தான் இருக்கின்றன. தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் சும்மா கிடைத்தது. பெட்டியில் தூளைக் கொட்டி, நடுவில் பானைக்குக் குழி செய்து, கொதித்த தண்ணீரை வைத்து ராத்திரி 9 மணிக்கு மூடினேன். விடியற்காலை 4.30க்குப் பார்த்தால் 48 டிகிரி. கை பொறுக்கிற சூடு. அதைவிடப் பெரிய தொல்லை, தூள் ஆவியை உறிஞ்சிக் கனத்துவிட்டது, மழைக்காலத்தில் காயவும் இல்லை, பூஞ்சண வாடை வந்தது. தூளுக்குப் பதிலாகப் பக்டரியில் ஒதுக்கும் கழிவுத் தேயிலையைப் போடலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை சொன்னார். அதை அனுமதிப் பத்திரம் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் சட்டச் சிக்கல், அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்கு மாறினேன். மீன்காரரிடம் பழசு 300 ரூபாய்க்குக் கிடைக்கும். அப்பச்சோடாவும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தாலும் வெயில் இல்லாத நாட்களில் அந்த வாடை போகாது. சோறு வைக்கிற சாமான் என்பதால் புதுசாகவே வாங்கினேன். உள் அளவு 50 × 36 × 36 சென்டிமீட்டர், சுவர் 3 சென்டிமீட்டர் கனம்.

ரெஜிபோமில் ஒரு விஷயம் முக்கியம். கொதித்த பானையை அதன் மேல் நேராக வைக்கக் கூடாது. எங்கள் வீடு ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 95 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே கொதித்துவிடும். அந்தச் சூடே ரெஜிபோமை இளக்கப் போதும். என் பெட்டியின் அடியில் பானை வட்டம் இன்றைக்கும் பதிந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு பலகைத் துண்டு, அதன் மேல் நான்காக மடித்த சணல் சாக்கு, இரண்டும் சேர்த்து 3 சென்டிமீட்டர். அதற்குப் பிறகு பாதிப்பு இல்லை.

பானையைச் சுற்றி வெற்றிடம் விட்டால் வெறும் பெட்டி எதற்கும் உதவாது. மூன்று லிட்டர் தண்ணீரை அப்படி வைத்துப் பார்த்தேன், ஏழரை மணி நேரத்தில் 44 டிகிரி, தேயிலைப் பெட்டியை விட மோசம். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். எதை அடைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கறுப்புக் கம்பளியை எடுத்துத் தந்தார். மலையில் கொழுந்து எடுத்த காலம் முழுக்க அவர் தலையில் போட்ட கம்பளி. "வெட்டிக்கம்மா, பொட்டியில பூச்சி அரிக்கிறதுக்கு ஒங்களுக்குச் சோறு காக்கட்டும்" என்றார். வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மடித்துச் சுற்றினேன், வெட்டாமலே அளவு சரியாக வந்தது. கம்பளி ஈரம் பட்டாலும் சூட்டை விடாது. மழையில் தலைக்குப் போட்டவர்களுக்குத் தெரியும்.

மேலே மூட ஒரு தலையணை. பழைய இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்து, 52 × 38 அளவில் புது உறை தைத்து, 10 சென்டிமீட்டர் கனத்துக்கு அடைத்தேன். பெட்டியின் உள் அளவை விட 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால்தான் ஓரத்தில் இறுகி உட்காரும். பஞ்சில் ஆவி ஏறாமல் இருக்க, பால்மா பக்கெட்டுகளை வெட்டிக் கழுவி, உள்பக்க வெள்ளித்தாள் பானையைப் பார்க்கும்படி உறையின் அடியில் தைத்துவிட்டேன். 400 கிராம் பக்கெட் ஆறு தேவைப்பட்டது. அதே மூன்று லிட்டர் தண்ணீர், அதே ஏழரை மணி நேரம். இந்த முறை 68 டிகிரி. அன்றைக்குத்தான் இவரிடம், "என்னங்க, பயணம் உறுதி, அன்னிக்கு ஹயர் எதுவும் எடுத்துடாதீங்க" என்று சொன்னேன்.

பானை நிறைய இருந்தால் சூடு நிற்கும், பாதிப் பானை சீக்கிரம் ஆறிவிடும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இரண்டு அலுமினியப் பானைகளை எடுத்தேன். இரண்டுக்கும் வாய் 22 சென்டிமீட்டர். அடியில் கறி, மேலே சோறு. அடுக்கிய உயரம் 23 சென்டிமீட்டர். கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் மூடி ஆகாது, தட்டை மூடி வேண்டும். சூடு பார்க்க, குத்திப் பார்க்கிற டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கினேன். இது ஆடம்பரம் இல்லை. சமைத்த கோழியும் சோறும் 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்காக இருந்தால் வயிற்றைக் கெடுத்துவிடும். திறக்கும்போது 60க்குக் கீழே காட்டினால் சாப்பிடக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெட்டியை விட அதிக நாள் பிடித்தது சமையல். வீட்டில் வழக்கமாகச் செய்வது போல ஒரு பங்கு சம்பாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்துக் கொதி வந்ததும் மூடினால் விடியும்போது கஞ்சி. பெட்டிக்குள் தண்ணீர் வற்றாது என்பதை மறந்துவிடக் கூடாது. அரிசியை நெய்யில் வறுத்துத் தண்ணீரைக் குறைத்தேன். மேல்பாதி உதிரியாக, அடிப்பாதி கட்டியாக வந்தது. கடைசியில் அம்மாயி காலத்து வழிதான் கைகொடுத்தது, வடிப்பது. நிறையத் தண்ணீரில் மஞ்சள், உப்பு, ஏலம், கறுவா, கராம்பு, ஒரு துண்டு ரம்பை போட்டுக் கொதிக்கவிட்டு, அதில் 3 சுண்டு (அரிசி அளக்கிற சின்ன அளவை) சம்பா. பருக்கையைக் கடித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும் பதத்தில் வடித்துவிட வேண்டும். வடித்த சோறு மளமளவென்று ஆறும். வெப்பமானி 80 காட்டும். அப்படியே பெட்டியில் வைத்தால் கறியின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். அதனால் 3 மேசைக்கரண்டி நெய்யோடு பானையில் திரும்பப் போட்டு, சின்ன நெருப்பில் ஆவி பறக்கும் வரை வைத்து, உடனே மூட வேண்டும். கஜுவும் முந்திரிவத்தலும் (உலர்திராட்சை) பொரித்துத் தனியே எடுத்துப் போங்கள், உள்ளே வைத்தால் சவசவத்துவிடும்.

கறிக்கு நாட்டுக்கோழிதான். பிராய்லர் ஏழு மணி நேரத்தில் நார் நாராகப் பிரிந்து குழம்போடு போய்விடுகிறது. நாட்டுக்கோழி இந்தப் பெட்டிக்கென்றே பிறந்தது. 1.2 கிலோ, பெரிய துண்டுகள், எலும்போடு. தாளித்துப் பிரட்டி, 20 நிமிஷம் நன்றாகக் கொதித்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும், அரைவேக்காட்டில் வைக்கவே கூடாது. உருளைக்கிழங்கு போட்டால் கரைந்து காணாமல் போகிறது. தேங்காய்ப் பால் திரிந்து எண்ணெய் வாடை வந்தது, அதனால் தேங்காயை மிளகு, சீரகம், மல்லியோடு கறுக்க வறுத்து அரைத்துச் சேர்த்தேன். ருசியும் அதில்தான் ஏறியது. போஞ்சி (பீன்ஸ்) வதக்கல், வெங்காயமும் தக்காளியும் நறுக்கிய சம்பல், ஒரு சட்டித் தயிர், இவை ஆறினாலும் பரவாயில்லை.

தேத்தண்ணிக்குச் சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப் போகலாம் என்று இவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்த மாதங்களில் ஊவா பக்கம் மானாப்புல் காய்ந்து கிடக்கும், காற்றும் பலம், ஒரு பொறி போதும் மலை முழுக்கப் பற்ற. பிளாஸ்கில் முதலில் கொதிதண்ணீர் ஊற்றி 10 நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, திரும்பக் கொதித்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினேன். மதியம் 82 டிகிரி. பெரிய இலைத் தேயிலை அந்தச் சூட்டில் சீக்கிரம் சாயம் விடாது, பொடிரகமான பி.ஓ.பி.எஃப். ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடும்.

அன்றைக்கு 3 மணிக்கு எழும்பினேன். 4.45க்குப் பெட்டி மூடி, சைக்கிள் டியூபால் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி, ஓட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால் ஏற்றினோம். குழம்புப் பானையின் மூடி விளிம்பில் கோதுமை மாவைப் பிசைந்து பூசியிருந்தேன், 95 கிலோமீட்டர் வளைவிலும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நானுஓயா வரை மழை அடித்தது. கல்யாண நாளில் பின்சீட்டில் இருந்தபடி இவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. நுவரெலியா டவுனில் கொஞ்ச நேரம் நின்று, பிளேன் டீ குடித்து, பேசிவிட்டுப் போனோம். அடுத்து சீதாஎலியவில் சீதை அம்மன் கோயில். கல்யாண நாளுக்கு இதைவிடப் பொருத்தமான கோயில் எங்கள் பக்கத்தில் இல்லை. பிரிந்தவர்கள் சேர்ந்த கதை அல்லவா. அர்ச்சனை முடித்து ஆற்றங்கரையில் நின்றோம். இவர் அந்தப் பாதையில் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறார், கோயிலுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை என்றார். வெளியில் வண்டிக்குக் காவல் இருப்பாராம்.

ஹக்கல தோட்டத்தைத் தாண்டும்போது, 1861இல் கொயினா மருந்து மரம் வளர்க்க ஆரம்பித்த தோட்டம் அது, காற்றின் ஈரம் மாறியது. அடுத்த சில வளைவுகளில் வெயில். வண்டியை ஓரம் கட்டி இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"ஏம் புள்ள, நெய் வாசம் அடிக்குதே. சும்மா ஒரு தடவ தொறந்து பாப்பமா?"

"பன்னெண்டு மணி வரைக்கும் அந்தப் பொட்டிய யாரும் தொடக் கூடாது. ஒரு தடவ தொறந்தா அஞ்சு டிகிரி போயிரும்."

கெப்பட்டிப்பொல சந்தைப் பக்கம் கரட், லீக்ஸ் ஏற்றிய லொறிகளுக்குப் பின்னால் நேரம் போனது. அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்ன பக்டரி வரை தேயிலைக்கு நடுவே குறுகிய பாதை. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய பக்டரி, இன்னும் நிற்கிறது. அங்கிருந்து லிப்டன் சீட்டுக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் ஏற்றம். கடைசித் துண்டை நடந்தோம். மேலே 1,970 மீட்டர், காற்று ஆளைத் தள்ளியது. மேகம் ஏறிக்கொண்டிருந்தது, ஆனாலும் இடையிடையே விலகித் தெற்குப் பக்கத்துச் சமவெளி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. தூரத்தில் தெரிந்த தண்ணீர் உடவளவை என்று பக்கத்தில் நின்றவர் காட்டினார். முழுக்கப் பார்க்க வேண்டுமானால் காலை 8 மணிக்குள் வந்துவிட வேண்டும்.

மேலே சாப்பிட முடியாது, காற்றில் தட்டு பறக்கும். கொஞ்சம் இறங்கி, பாதையோரப் பாறை ஒன்றுக்குக் கிழக்கே ஒதுங்கினோம். படங்கை (தார்ப்பாயை) விரித்து, இன்னொரு படங்கைப் பாறைக்கும் வண்டிக்கும் நடுவே கட்டினோம். 12.20க்கு டியூபை அவிழ்த்தேன். சோறு 69, கறி 72. சோற்றுப் பருக்கை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கோழி எலும்பிலிருந்து தானாக வந்தது. நான் இவருக்குப் பரிமாறப் போனேன், இவர் கரண்டியை வாங்கிக்கொண்டு முதலில் எனக்குப் போட்டார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சமான சூட்டில் சாப்பிட்டே பழகிய எனக்கு, ஆவி பறக்கிற சோற்றை இவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் சாப்பிட்டது பெரிய சந்தோஷம். "இனிமே வருஷா வருஷம் இதுதான்" என்றார். இரண்டு தட்டுக்குப் பிறகும் மிச்சம் இருந்தது. பாதையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த இரண்டு அக்காமாருக்கும் கொடுத்தோம். அவர்கள் சோற்றைப் பார்ப்பதை விட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள்.

செலவைச் சொல்கிறேன். ரெஜிபோம் பெட்டி 1,100, வெப்பமானி 950, உறைத்துணி 350, சைக்கிள் டியூப் பழசு. பெட்டிக்கு 2,400 ரூபாய். நாட்டுக்கோழி 2,000, மற்றச் சமையல் சாமான் 1,500க்குள். பெட்ரோல் போகவர ஏழரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், 2,300. இதில் ஒரு நாள் ஹயர் போனதைச் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன்.

அடுத்த தடவைக்கு மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. பெட்டிக்குப் பிடி இல்லாமல் இறக்கத்தில் தூக்கிவர இரண்டு பேர் வேண்டியிருந்தது, சாக்குத் துணியில் இரண்டு வார் தைக்க வேண்டும். மூன்று சுண்டு அரிசி அதிகம், ஆனால் குறைத்தால் பானை நிறையாது. சோற்றுப் பானையைச் சின்னதாக்கிவிட்டு அதற்கு மேல் கடலைக்கு ஒரு தட்டையான ஏனம் வைக்கலாம் என்று இருக்கிறேன். கறுப்புக் கடலையை ராத்திரி ஊறவைத்து 15 நிமிஷம் கொதிக்கவிட்டு மூடினால் மூன்று மணி நேரத்தில் வெந்துவிடுகிறது, அதை வீட்டில் பார்த்துவிட்டேன். சிவப்புப் போஞ்சி விதை மட்டும் வைப்பவர்கள் கவனம், பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்காமல் பெட்டியில் வைத்தால் அதன் விஷம் போகாது. லிப்டன் சீட்டை முழுக்கப் பார்க்க விரும்பினால் முதல் நாள் ராத்திரியே பண்டாரவளையில் உறவுக்காரர் வீட்டில் தங்க வேண்டும். அப்படியானால் பெட்டியை அங்கிருந்துதான் மூட வேண்டும்.

இப்போது எங்கள் லயத்தில் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் ஒரு ஆள் சோற்றுக்கு ஏற்ற மாதிரி சின்னப் பெட்டி கேட்கிறார்கள். அவர்கள் 7 மணிக்குக் கட்டிக்கொண்டு போவதை 12 மணிக்குத்தான் பிரிக்கிறார்கள், ஐந்து மணி நேரம் தாங்கினால் போதும். ஒரு ஆள் சோறு சின்னப் பானைதான், சீக்கிரம் ஆறும். அதனால் சுவர் கனத்தைக் கூட்ட வேண்டும். 14 சென்டிமீட்டர் வாயுள்ள தூக்குச்சட்டிக்கு, சுற்றிலும் 6 சென்டிமீட்டர் பஞ்சு, தோளில் மாட்ட ஒரு வார் என்று அளவு எடுத்து வைத்திருக்கிறேன். துணி வெட்டியாயிற்று. இலவம்பஞ்சுத் தலையணை இன்னும் இரண்டு கிடைத்தால் தைத்துவிடுவேன்.